நாற்பத்தொரு முயற்சிகளும் ஓர் ஐந்தாந் திருவிழாவும்

ஒழுங்கில்லாதவன் பிழை விட்டால் அது அவனோடு போய்விடும். ஒழுங்கானவன் பிழை விட்டால் அதற்குப் பிரதிகள் இருக்கும். நான் விட்ட பிழைக்கு இருநூற்றைம்பது பிரதிகள் இருந்தன. வழுவழுப்பான அட்டை, நல்ல தாள், பின்னட்டையில் "தொகுப்பு: ச. ஞானசீலன்" என்று என் பெயர்.

நான் கோப்பாய்ப் பக்கத்தில் ஒரு சிறிய பொது நூலகத்தில் வேலை செய்கிறவன். பதினேழு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன், ஒருநாளும் விட்டதில்லை. போரில் இடம்பெயர்ந்து சாவகச்சேரிக்குப் போன நாளில், சைக்கிள் கரியரில் எதைக் கட்டுவது என்று முடிவெடுக்கப் பத்து நிமிடம் இருந்தது. நான் நாட்குறிப்புகளைக் கட்டினேன். (அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் சோறு வடிக்க ஒரு சட்டிகூட இல்லை என்று தெரிந்தது. அம்மா கடைசிவரை அதை மறக்கவில்லை.)

நான் சொல்லப்போகும் சம்பவம் நடந்தபோது எனக்கு வயது நாற்பத்தாறு. அந்த வயதில் ஒருவனுக்குக் கொஞ்சமாவது புத்தி வந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் கிறிஸ்தவ சபையில் மூன்று நாள் பயிற்சி ஒன்று நடந்தது. மற்றச் சமயத்தைச் சேர்ந்த அயலவர்களுக்கு எங்கள் விசுவாசத்தை எப்படி எடுத்துச் சொல்வது என்பது பொருள். நடத்த வந்தவர், "ஒரே ஒருவரைத் தெரிவு செய்யுங்கள், அவருக்காகச் செபியுங்கள், அவரோடு பேசுங்கள், பேசியதைக் குறித்து வையுங்கள்" என்றார். மற்றவர்கள் முதல் மூன்றையும் கேட்டுக் கண்கலங்கினார்கள். நான் நான்காவதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குறித்து வைப்பதும் ஓர் ஊழியம் என்றால், இந்தக் குடாநாட்டில் என்னைவிடத் தகுதியானவன் இல்லை.

அன்று மாலையே நூற்றறுபது பக்கக் கொப்பி ஒன்று வாங்கி, முதற் பக்கத்தில் அயலவர்களை அட்டவணை போட்டேன். பெயர், வயது, சுபாவம், கதைக்க வசதியான நேரம். ஒவ்வொருவராக ஆராய்ந்து, கடைசியில் பக்கத்து வீட்டு அம்பலவாணர் அண்ணையைத் தெரிவு செய்தேன்.

அவர் தோட்டக்காரர். வெங்காயமும் புகையிலையும் செய்தவர். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு பங்குக் கிணறு. காலை ஐந்து நாற்பதுக்கு அவர் அங்கே வருவார், மழையோ வெயிலோ. நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை ஒருவரும் கண்டதில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் ஆண்டுத் திருவிழா பத்து நாள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்துக்கு உரியது. ஐந்தாம் நாள் அவருடையது. அவருடைய தகப்பனிடமிருந்து வந்தது, தகப்பனுக்கு அவருடைய தகப்பனிடமிருந்து வந்தது. தோட்டக் காணி போனால் வேறு காணி பார்க்கலாம். ஐந்தாந் திருவிழா போனால் அந்தக் குடும்பத்துக்கு ஊரில் முகம் இல்லை.

நூறு வீடுகள் உள்ள ஊரில் இப்படிப்பட்ட ஒருவரை நான் ஏன் தெரிவு செய்தேன் என்று கேட்டால், கொப்பியில் பதில் இருக்கிறது: "நேரந்தவறாதவர்."

நான்கு ஆண்டுகள் கிணற்றடியில் கதைத்தேன். நான் கதைப்பேன், அவர் பல்லுத் தீட்டுவார். நான் முடிக்கும்வரை வாய் கொப்பளிக்காமல் நிற்பார். அதுதான் அவருடைய மரியாதை. பிறகு "ஓம் சீலன், நல்ல விசயந்தான்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போவார். நான் வீட்டுக்குள் வந்து திகதி, நேரம், பொருள், விளைவு என்று நான்கு நிரல்களில் எழுதுவேன். விளைவு என்ற நிரலில் நாற்பத்தொரு தடவை "இல்லை" என்று எழுதியிருக்கிறேன்.

நாற்பத்தோராவது முயற்சிக்கு மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார்.

நான் அழுதேன். அதை விளக்கமாக எழுதத் தெரியவில்லை. ஒரு நண்பர் போனதற்கு அழுதது பாதி. மறுபாதி என் கொப்பியில் "இல்லை" என்றே நிரம்பிக் கிடந்த அந்த நான்காம் நிரலுக்கு. அவர் எங்கே போயிருப்பார் என்ற கேள்வியை என் விசுவாசம் எனக்குள் கேட்டுக்கொண்டேயிருந்தது. இரவில் நித்திரை இல்லை. நான் சரியாகச் சொல்லியிருந்தால், வேறு நேரத்தில் சொல்லியிருந்தால், பல்லுத் தீட்டாத ஒரு மனிதரிடம் சொல்லியிருந்தால் என்று யோசித்துக் கிடந்தேன்.

இந்த நிலையில்தான் அவருடைய மனைவி பரமேஸ்வரி அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு, இறந்தவரின் வாழ்க்கையும் சில பதிகங்களும் அச்சிட்ட ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று சொல்வோம்.

"தம்பி, அவரின்ரை கல்வெட்டை நீர்தான் எழுதித் தரவேணும்" என்றார் அக்கா. "திகதியெல்லாம் எனக்கு ஞாபகமில்லை. உமக்குத்தான் எல்லாம் தெரியும்."

உண்மை. அவர் கிணறு கலக்கித் துப்புரவாக்கிய நாள், முதன்முதல் தண்ணீர் இறைக்கும் மெசின் பூட்டிய நாள், மகன் கனடாவுக்குப் போன நாள் எல்லாம் என் நாட்குறிப்பில் இருந்தன. ஒரு சைவக் குடும்பம் தங்கள் வீட்டுக் கல்வெட்டை ஒரு வேதக்காரன் கையில் தந்திருக்கிறது. இதைவிடப் பெரிய நம்பிக்கை அயலுக்குள் இல்லை. அந்த நம்பிக்கையைக் கையில் வாங்கிய அதே நிமிடத்தில் என் மூளை சொன்னது: சீலன், உனக்குக் கடைசியாக ஒரு வாசல் திறந்திருக்கிறது.

இருபத்துநான்கு பக்கம் எழுதினேன். பிறப்பு, கல்வி, தோட்டம், கோயில் தொண்டு, ஐந்தாந் திருவிழா. அக்கா தந்த பதிகங்களைப் பிழையில்லாமல் சேர்த்தேன். கடைசியில் ஒரு பக்கம் மிஞ்சியது. அந்தப் பக்கத்தில் "ஆறுதல் மொழி" என்று தலைப்பிட்டு வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதத்தைப் போட்டேன். இயேசுவின் பெயர் அதில் இல்லை. எங்கிருந்து எடுத்தது என்றும் எழுதவில்லை. வாசிப்பவர் மனதில் விதை விழட்டும், முளைப்பதைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். அக்காவிடம் கேட்டேனா? இல்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். (ஒருவருடைய வீட்டுக்குள் கேட்காமல் ஒன்றைக் கொண்டுபோய் வைப்பதும் களவுதான் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. எடுத்துக்கொண்டு போவது மட்டும்தான் களவு என்று நினைத்திருந்தேன்.)

அச்சகக்காரர் எனக்குப் பழக்கமானவர். முந்திய ஆண்டு என் அம்மா காலமானபோது அம்மாவின் நினைவு மலரையும் அவர்தான் அடித்தார். "அம்மாவின்ரை மாதிரியே செய்யுங்கோ" என்று சொன்னேன். நான் சொன்னது எழுத்தின் அளவையும் தாளின் தடிப்பையும்.

பிறகு மூன்று முறை அச்சகத்துக்குப் போனேன். மூன்று முறையும் சங்கீதப் பக்கத்தை மட்டும் பார்த்தேன். ஒரு கால்புள்ளிகூடப் பிசகக் கூடாது என்ற கவலை. அட்டையைப் பார்க்கவில்லை. அட்டைக்குரிய படம் கடைசி நாள்தான் கிடைத்தது. அட்டையில் என்ன பிழை வரப்போகிறது என்று விட்டுவிட்டேன். இருபத்தொன்பது வருடமாக நாட்குறிப்பில் நாளைக்கூடப் பிழையாக எழுதாத மனிதன், ஒரு புத்தகத்தின் அட்டையைப் பார்க்காமல் விட்டான்.

முப்பத்தோராம் நாள், கிரியைகள் முடிந்து சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது, முற்பகல் பதினொன்று முப்பத்தைந்துக்குப் புத்தகக் கட்டு வந்தது. நானே கயிற்றை வெட்டினேன். நானே ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு வாசற் படலையடியில் நின்றேன். சாப்பிட்டுவிட்டுப் போகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு கையாலும் கொடுத்தேன். பின்னட்டை மேலே இருக்கும்படிதான் அடுக்கியிருந்தேன். என் பெயர் அந்தப் பக்கத்தில் இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

அறுபது எழுபது புத்தகம் போயிருக்கும். அம்பலவாணர் அண்ணையின் சித்தப்பா மகன் குலசிங்கம் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தார். புத்தகத்தை வாங்கினார், திருப்பினார், நின்றார்.

"சீலன், அண்ணை எப்ப மாறினவர்?"

"எங்கை மாறினவர்?" என்று கேட்டேன். வீடு மாறியதைக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

அவர் அட்டையை என் முகத்துக்கு நேரே பிடித்தார். அம்பலவாணர் அண்ணை சிரித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் மூன்று குறித் திருநீறு. தலைக்கு மேலே ஒரு சிறிய சிலுவை. கீழே: "கர்த்தருக்குள் நித்திரையடைந்த அமரர் அம்பலவாணர்."

அம்மாவின் அட்டை. அச்சகக்காரர் நான் சொன்னபடியே செய்திருந்தார். படத்தையும் பெயரையும் திகதியையும் மாற்றிவிட்டு மற்றதெல்லாம் அம்மாவின் மாதிரியே விட்டிருந்தார்.

"அது அச்சுப் பிழை" என்றேன்.

குலசிங்கம் அவசரப்படவில்லை. ஒவ்வொரு தாளாகப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். "ஓ, இஞ்சை செபமும் கிடக்கு" என்றார். "இதுவும் அச்சுப் பிழையோ?"

சிலுவை மட்டும் இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். சங்கீதம் மட்டும் இருந்திருந்தால் அதை ஒருவரும் வாசித்திருக்கவே மாட்டார்கள். இரண்டும் ஒரே புத்தகத்தில் சேர்ந்தபோது அது ஒரு சாட்சியம் ஆகிவிட்டது. நான் புத்தகத் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அதைப் படலையடியில் நின்ற இருபது பேரும் பார்த்தார்கள். அவர்கள் ஊருக்குள் போனார்கள்.

பரமேஸ்வரி அக்கா கண்ணாடி போட்டிருக்கவில்லை. புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, படம் வடிவாக வந்திருக்கிறது என்று சொன்னார். நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பின்னேரம் அவருடைய மகன் வாசித்துக் காட்டினானாம். அவன் அதன் பிறகு கனடாவுக்கு விமானம் ஏறும்வரை என்னோடு கதைக்கவில்லை.

மறுநாள் காலையிலிருந்து பிரதிகளைத் திருப்பி வாங்கப் புறப்பட்டேன். யார் யார் வாங்கினார்கள் என்ற பட்டியல் என்னிடம் இருந்தது. சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் பிழையொன்று உண்டு, திருத்தித் தருகிறேன் என்று கேட்டேன். அதுவரை புத்தகத்தைத் திறந்தும் பார்க்காமல் மேசையில் போட்டிருந்தவர்கள் எல்லாரும், என்ன பிழை என்று எடுத்து வாசிக்கத் தொடங்கினார்கள். வாசித்த பிறகு பெரும்பாலானோர் திருப்பித் தரச் சம்மதிக்கவில்லை. "இருக்கட்டும் தம்பி, அண்ணையின்ரை ஞாபகத்துக்கு வச்சிருப்பம்" என்றார்கள். பண்டத்தரிப்பிலிருந்து வந்த சொந்தக்காரர் பன்னிரண்டு பிரதி கொண்டுபோயிருந்தார். அங்கே நான் போய்ச் சேர்வதற்கு முன்னரே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. அதற்கிடையில் அட்டை வாட்சப்பில் மூன்று கண்டங்களுக்குப் போய், நான் கேள்விப்பட்டேயிராத உறவினர்கள் தொலைபேசியில் என்னை ஏசினார்கள். நான்கு நாளில் நான் மீட்டது முப்பத்தேழு.

இதைவிடக் கொடுமை ஞாயிற்றுக்கிழமை நடந்தது. யாரோ ஒரு பிரதியை எங்கள் சபைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். போதகர் அதைக் கையில் உயர்த்திப் பிடித்து, எங்கள் சகோதரர் ஞானசீலன் நான்கு வருடம் சத்தமில்லாமல் உழைத்து ஓர் ஆத்துமாவை ஆதாயப்படுத்தியிருக்கிறார் என்று தழுதழுத்த குரலில் சொன்னார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒரு கிழவி அழுதா. போதகர் என்னை முன்னே வந்து சாட்சி சொல்லும்படி அழைத்தார்.

நடந்து போனேன். இருபத்திரண்டு அடி. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "அது அச்சுப் பிழை" என்றேன்.

அந்த ஒரு கிழமைக்குள் இதே வசனத்தை ஏறத்தாழ நூறு பேரிடம் சொல்லியிருந்தேன். ஒருவரும் நம்பவில்லை. எங்கள் சபையார்தான் உடனே நம்பினார்கள். அதுதான் அதிகம் வலித்தது.

அடுத்த அடி கோயிலிலிருந்து வந்தது. குலசிங்கம் கோயில் நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருந்தார். கோயில் யாப்பின்படி திருவிழா உரிமை சைவசமயிகளுக்கே உரியது. அம்பலவாணர் சாகும் முன்னர் சமயம் மாறிவிட்டார் என்பது அவருடைய வீட்டாரே வெளியிட்ட கல்வெட்டில் அச்சாகியிருக்கிறது. ஆகவே ஐந்தாந் திருவிழா ஊரில் இருக்கும் அடுத்த ஆண் வாரிசாகிய தனக்கு வரவேண்டும். இணைப்பு: புத்தகம் ஒன்று.

திருவிழாவுக்கு ஏழு கிழமை இருந்தது. அக்கா என்னை ஏசவில்லை. கிணற்றடிக்கு வந்து, "ஞாயிறு நாலு மணிக்குக் கூட்டமாம் தம்பி. நீர் வந்து சொல்லவேணும்" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கூட்டம் கோயில் வீதியில் உள்ள மடத்தில். நானும் என் மனைவி கிறேசும் போனோம். செருப்பைக் கழற்றிவிட்டுச் சட்டையையும் கழற்ற வேண்டுமோ என்று யோசித்து இரண்டு பொத்தானைத் திறந்துகொண்டு நின்றேன். தர்மகர்த்தா, "மடந்தானே, அது தேவையில்லை. வாரும், இரும்" என்றார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் அவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறவர். முப்பது பேரளவில் இருந்தார்கள். அக்கா தூணோடு சாய்ந்து இருந்தார்.

நான் எழும்பி நடந்ததைச் சொன்னேன். அம்மாவின் அட்டை, அச்சகம், எல்லாம். குலசிங்கம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அட்டை சரி. கடைசிப் பக்கத்தை ஆர் போட்டது?" என்றார்.

"நான்தான்."

"அண்ணை கேட்டவரோ?"

"இல்லை."

"அக்கா கேட்டவவோ?"

"இல்லை."

"அப்ப ஒருத்தரும் கேளாமல் நீர் போட்டனீர். உம்மை எப்பிடி நம்புறது? பிள்ளையாருக்கு முன்னாலை கற்பூரத்திலை அடிச்சுச் சத்தியம் பண்ணும், அண்ணை மாறேல்லை எண்டு."

நான் கற்பூரத்தில் சத்தியம் செய்ய முடியாது. செய்யாவிட்டால் அக்காவின் திருவிழா போகும். வாழ்நாளிலேயே ஒருமுறைதான் என் விசுவாசம் ஒரு சோதனைக்கு வந்தது. அதுவும் ஒரு சைவ வீட்டின் திருவிழாவைக் காப்பாற்றுகிற இடத்தில் வந்தது. நான் கிறேசைப் பார்த்தேன். கிறேஸ் நிலத்தைப் பார்த்தாள்.

அக்காதான் கதைத்தார்.

"தம்பியை அதுக்குக் கேக்காதேங்கோ. அவர் வேதக்காரர், செய்யமாட்டார். அவரிட்டை ஒரு கொப்பி கிடக்கு. அதைக் கொண்டுவரச் சொல்லுங்கோ."

"என்ன கொப்பி?" என்றார் தர்மகர்த்தா.

"இவர் கிணத்தடியிலை கதைச்சுப்போட்டு வீட்டை போய் எழுதுறவர். என்ரை மனிசன் சொல்லிச் சிரிப்பார்: 'பரமேஸ், சீலன் என்னை எழுதுறான்' எண்டு. வேலியிடுக்காலை பாத்திருக்கிறார்."

நான்கு ஆண்டுகள் அதை ஒருவரும் அறியாத இரகசிய ஊழியம் என்று நினைத்திருந்தேன்.

போய்க் கொப்பியை எடுத்து வந்தேன். தர்மகர்த்தா வாங்கி, அதிபர்க் குரலில் முதற் பக்கத்திலிருந்து தொடங்கினார். முதற் பக்கத்தில் அயலவர் அட்டவணை இருந்ததை நான் மறந்துபோயிருந்தேன்.

"குலசிங்கம், வயது ஐம்பத்தெட்டு" என்று வாசித்தார் தர்மகர்த்தா. "குறிப்பு: இவர் மாறினால் சபைக்குத்தான் தொல்லை. விடுக."

மடம் அதிர்ந்தது. குலசிங்கம் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

பிறகு முயற்சிகள் ஒவ்வொன்றாக வந்தன. முயற்சி மூன்று: கடவுள் உங்களை நேசிக்கிறார் என்று கூறினேன், அது தனக்குத் தெரியும் என்று கூறினார், விளைவு இல்லை. முயற்சி ஒன்பது: துண்டுப் பிரசுரம் கொடுத்தேன், நன்றி கூறினார், மாலையில் அதில் கத்தரி விதை காயப்போட்டிருக்கக் கண்டேன், விளைவு இல்லை. முயற்சி பதினாறு: நித்திய ஜீவனைப் பற்றி இருபத்திரண்டு நிமிடம் பேசினேன்; கிணற்றில் வாளி விழுந்துவிட்டதை இடையில் சொல்ல விரும்பாமல் நின்றிருக்கிறார் என்று பின்னர் தெரிந்தது; விளைவு இல்லை. முயற்சி இருபத்தேழு: முழங்கால் நோவுக்காகச் செபித்தேன், மறுநாள் நோ கூடியதாகக் கூறினார், விளைவு இல்லை.

ஒவ்வொரு "விளைவு இல்லை"க்கும் சிரிப்புக் கூடியது. கிறேசும் சிரித்தாள், அவள் அதுவரை இந்தக் கொப்பியை வாசித்ததில்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மட்டும், நான்கு ஆண்டுகள் நான் செய்தது என்ன என்று முதன்முதலாக விளங்கியது. நாற்பத்தொரு தடவை ஒரு மனிதரோடு கதைத்திருக்கிறேன்; அவர் என்ன நினைக்கிறார் என்று எழுத அந்தக் கொப்பியில் ஒரு நிரல்கூட நான் போடவில்லை.

நாற்பத்தொன்றுக்கு வந்ததும் தர்மகர்த்தா குரலைத் தாழ்த்தினார். அதில் மட்டும் அம்பலவாணர் அண்ணை சொன்னதை அவருடைய பேச்சிலேயே எழுதியிருந்தேன்.

"'சீலன், நான் மாறாமல் போறது உமக்குத்தான் கவலை எண்டு எனக்குத் தெரியும். எனக்குக் கவலையில்லை. நீர் கவலைப்படாதையும். நாளைக்கு ஐயரை வரச்சொல்லியிருக்கிறன், பதிகம் படிக்க.' விளைவு இல்லை."

ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அவர் அன்றுதான் அதைக் கேட்டார்.

குலசிங்கம் விடவில்லை. "நாப்பத்திரண்டாவது தரம் இவர் எழுதாமல் விட்டிருந்தால்?"

பின்னாலிருந்து யாரோ சொன்னார்: "உவர் விடுற ஆளோ? தும்மினாலும் நேரம் எழுதுற மனிசன்."

அதோடு வழக்கு முடிந்தது. தர்மகர்த்தா கூட்டக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, சொல்லிச் சொல்லி எழுதினார்: திரு. ஞானசீலன் அவர்கள் நாற்பத்தொரு தடவை முயன்றும் அமரர் அம்பலவாணர் சைவசமயத்திலிருந்து வழுவவில்லை என்பது மேற்படியாரின் கையெழுத்தாலேயே ஐயமறத் தெளிவாகிறது. ஐந்தாந் திருவிழா அமரரின் குடும்பத்துக்கே உரியது. என்னைச் சாட்சியாகக் கையொப்பமிடச் சொன்னார். இட்டேன். என் நண்பர் என் விசுவாசத்துக்கு வெளியே இறந்தார் என்பதற்கு நானே சாட்சி. நான் வென்றுகொடுத்த ஒரே வழக்கு அது. வீட்டுக்குப் போய் யாருக்கும் தெரியாமல் அழுதேன். அதை மட்டும் நாட்குறிப்பில் எழுதவில்லை.

கூட்டம் முடிந்து போகும் வழியில் அக்கா எங்களோடு நடந்து வந்தார். படலையடியில் நின்றார்.

"அக்கா, என்னை மன்னிக்கவேணும்" என்றேன். "அந்தப் பக்கத்தைக் கேளாமல் போட்டது பெரிய பிழை."

"அது கிடக்கட்டும்" என்றார். "நாப்பத்தொரு தரம் அவரைக் கேட்டிருக்கிறீர். நானும் அதே கிணத்தடியிலைதான் நிண்டனான். என்னை ஒருக்காலும் கேக்கேல்லையே."

"கேட்டிருந்தால் அக்கா?"

"மாட்டன் எண்டுதான் சொல்லியிருப்பன்." படலையைத் திறந்தார். "எண்டாலும் கேட்டிருக்கலாம்."

இது நடந்து பத்து ஆண்டுகள் ஆகின்றன. சபையில் என்னை ஊழியக் குழுவிலிருந்து மெதுவாக விலக்கி, ஆராதனை முடிந்ததும் கதிரை அடுக்கும் பொறுப்பைத் தந்தார்கள். அதை ஒழுங்காகச் செய்கிறேன். ஆனால் கதை ஊரை விட்டுப் போகவில்லை. போன ஆண்டு எங்கள் மகள் ஜெனி, தன்னோடு வேலை செய்யும் சாவகச்சேரிப் பொடியன் ஒருவனைக் கட்டப்போவதாகச் சொன்னாள். சைவப் பொடியன். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதைவிட அதிகமாகப் பயந்தது பொடியனின் தாய். தன் ஒரே மகனைச் சீலன் வீட்டார் வேதத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று சம்மதிக்கவில்லை. கடைசியில் எங்கள் ஊருக்கு ஆள் விட்டு விசாரித்தா. ஒரு கிழமையில் தானே நேரில் வந்தா. கிறேஸ் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்து மிகவும் கனிவாகச் சொன்னா:

"உங்களைப் பற்றி விசாரிச்சனாங்கள். உங்களாலை ஒரு பயமுமில்லை எண்டு எல்லாரும் சொல்லிச்சினம்."

கலியாணம் நடந்தது. மருமகன் ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் சாப்பிட வருகிறார். நான் ஏதாவது தொடங்க வாயெடுத்துத் தயங்கினால் ஜெனி, "கதையுங்கோ அப்பா, தாராளமாய்க் கதையுங்கோ. மாமி ஒண்டும் சொல்லமாட்டா" என்பாள். மேசை முழுக்கச் சிரிக்கும். நான் கதைப்பேன். மருமகன் நான் முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். முடிந்ததும், இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள்வார்.